கீழே வைத்த கோப்பை

மற்ற ஊர்களில் காபி ஆறிப்போனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. எங்கள் அகபாவில், பெரியவர்கள் ஒரு வேண்டுகோளோடு ஜாஹாவாக வந்து உட்கார்ந்திருக்கும் வீட்டில், அது ஆறத்தான் வேண்டும். அதைச் சூடாக்கிக் கையில் கொடுத்துவிட்டு, ஒரு குடும்பம் இப்போது வெளியே தலைகாட்ட முடியாமல் உட்கார்ந்திருக்கிறது.

போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

கடலோரத்தில் ஸலாமாவுக்கு ஒரு துண்டு நிலம். மூன்று பேரீச்ச மரம், நடுவில் ஒரு குழி. எங்கள் கரையில் மணலைக் கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். உப்புக் கடல் பத்தடி தள்ளிக் கிடக்கும். ஒரு காலத்தில் கோட்டைக்கும் கடலுக்கும் நடுவே இப்படிக் குழியும் மரமுமாகத்தான் இருந்தது. துறைமுகம் வந்தது, பிறகு தெற்கே போனது. ஓட்டல்கள் வந்தன, அவை எங்கும் போகவில்லை. மிச்சம் இருப்பது ஸலாமாவின் துண்டுதான். அதன் சரிவில்தான் அவருடைய படகும் கூட்டாளிகளின் படகுகளும் கரையேறும். அடியில் கண்ணாடி பதித்து, பயணிகளுக்குப் பவளத்தையும் மீனையும் காட்டுகிற படகுகள்.

அந்தத் துண்டும் கிடைத்துவிட்டால் கடற்கரை நடைபாதை முழுதாகிவிடும் என்கிறது, கரையை வளைத்துக் கட்டிக்கொண்டு வரும் கம்பெனி. குழியை மூடமாட்டார்களாம். மேலே கண்ணாடி போட்டு, விளக்கு வைத்து, பக்கத்தில் ஊரின் வரலாற்றைப் பலகையில் எழுதி வைப்பார்களாம். இத்தனை நாள் கண்ணாடிக்கு அடியில் மீனைக் காட்டிப் பிழைத்தவர்கள், இனிமேல் கண்ணாடிக்கு அடியில் தாங்களே போய்விட வேண்டியதுதான்.

கம்பெனி நேராக வந்திருந்தால் ஸலாமா வாசலிலேயே பதில் சொல்லி அனுப்பியிருப்பார். கம்பெனிக்காக வந்தவர் ஷேக் நிம்ர். ஸலாமாவின் தம்பி ஓட்டிய லாரியில் ஒருவர் அடிபட்டு இறந்தபோது, இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் நின்று ரத்தப் பகை வராமல் காப்பாற்றியவர். அவர் பெரிய மனிதர்களைத் திரட்டிக்கொண்டு ஜாஹாவாக வந்தார். காபி ஊற்றினார்கள். வழக்கப்படி அவர் கோப்பையைக் கீழே வைத்தார். கேட்டது கிடைக்கும்வரை குடிக்கமாட்டேன் என்று அர்த்தம். வீட்டுக்காரர் குடிக்கச் சொன்னால், கேட்டதைக் கொடுத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

கொடுக்க முடியாது என்று எப்படிப் பணிவாகச் சொல்வதென்று ஸலாமாவும் படகுக்காரர்களும் உட்கார்ந்து பேசி வைத்திருந்தார்கள். அதைச் சொல்வதற்குள் மகன் ஹைஸம், ஓட்டலில் மேஜை கவனிக்கிற பிள்ளை, உள்ளேயிருந்து காபிக் கூஜாவான தல்லாவோடு வந்தான். விருந்தாளி முன்னால் ஆறிய காபி இருக்கக்கூடாது என்பது அவன் வேலையின் முதல் பாடம். குனிந்தான். ஷேக்கின் கோப்பையை எடுத்துக் கொட்டினான். சூடாக ஊற்றி அவர் கையில் வைத்தான். "குடிங்க ஷேக், ஆறிடும்" என்றான்.

ஷேக் ஸலாமாவைப் பார்த்தார். ஸலாமா கம்பளத்தைப் பார்த்தார். ஷேக் குடித்தார். வந்தவர்கள் எல்லோரும் குடித்தார்கள்.

இனி, மறுநாள்.

*

அன்று அந்த வீட்டில் காபி போடவில்லை. ஸலாமாவின் மனைவி டீ போட்டாள். எங்கள் ஊரில் பெற்றவர்களை மகன் பெயரை வைத்துத்தான் கூப்பிடுவார்கள்; அவள் உம்மு ஹைஸம், அவர் அபூ ஹைஸம். தல்லாவைக் கழுவித் துடைத்து, மேல் அலமாரியில் மாவு டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

"அபூ ஹைஸம், எந்திரிச்சு டீயாவது குடிங்க."

ஸலாமா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். காய்ச்சலில் கிடந்தாலும் வெளிச்சம் வருவதற்கு முன் படகைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற மனிதர்.

"மூட்டு வலிக்குது" என்றார்.

"நேத்து வலிக்கலையே."

"நேத்து மானம் இருந்துச்சு."

ஹைஸம் சீருடையில் வந்து நின்றான். கண் வீங்கியிருந்தது. ராத்திரி அத்தைகள், மாமன்கள், பக்கத்து வீட்டார் என்று எல்லோரும் மாறி மாறி அவனைத் திட்டிவிட்டுப் போனார்கள். எல்லோரையும்விட அதிகமாகத் திட்டியவர் ஸலாமாதான். 'உன்னைப் பெத்ததுக்கு ஒரு பேரீச்சங்கன்னு வச்சிருக்கலாம்' என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

"யாபா, வேலைக்குப் போகட்டுமா?"

ஸலாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"போடா" என்றாள் தங்கை லமீஸ். "அங்கேயாவது ஊத்துற காபிக்கு நிலம் போகாது."

சொன்ன பிறகு அவளுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. முந்தின நாள் சமையலறைச் சன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தவள் அவள். அண்ணன் குனிந்ததைப் பார்த்தாள், ஷேக் காத்திருந்ததைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தையும் பார்த்தாள். அந்த முகத்தைப் பற்றி மட்டும் அவள் இதுவரை யாரிடமும் பேசவில்லை.

*

ஓட்டலில் திட்டுவார்கள் என்று ஹைஸம் எதிர்பார்த்துப் போனான். யாரும் திட்டவில்லை. மேலாளர் அவனை அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு கேக். பக்கத்தில் கம்பெனியிலிருந்து வந்த ஒரு கோட்டுக்காரர், எழுந்து நின்று கை கொடுத்தார்.

"உங்க வீட்டு உபசாரத்தைப் பத்திதான் எங்க ஆபீஸ் முழுக்கப் பேச்சு" என்றார் அவர். "வருஷக்கணக்கா வக்கீல் வச்சு முடியாததை ஒரு கோப்பையில முடிச்சிட்டீங்க."

ஹைஸம் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினான். குலுக்காமல் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. கேக்கிலிருந்து ஒரு துண்டை வெட்டி வாயருகே நீட்டினார்கள், அதையும் வாங்கி விழுங்கினான்.

சமையல் கட்டில் கூட வேலை செய்கிறவர்கள் காத்திருந்தார்கள்.

"டேய், அடுத்த மாசம் எனக்குப் பொண்ணு கேட்டுப் போறாங்க" என்றான் ஒருத்தன். "நீ அந்த வீட்டுல போய் தல்லாவோட நில்லு. பொண்ணோட அப்பன் வாயைத் திறக்கிறதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹைஸமும் சிரித்தான். பிறகு பாத்திரம் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தின்ற கேக்கை வாஷ்பேசினில் வாந்தியெடுத்தான்.

*

லமீஸ் மருந்துக்கடை வேலைக்குப் போகிறவள். கரை வழியாகப் போக வேண்டாம் என்றுதான் நினைத்தாள். கால் அங்கேதான் போனது.

சரிவில் ஆட்கள் இருந்தார்கள். உருளைக் கட்டைகளைப் போட்டுப் படகுகளை ஒவ்வொன்றாக இழுத்து, வாடகை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் படகை மட்டும் தொடவில்லை. அதன் கண்ணாடியை ஒருத்தர் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஈத். அப்பாவோடு சின்ன வயதிலிருந்தே கடலுக்குப் போனவர்.

"பெரியப்பா, என்ன பண்றீங்க?"

"பார்த்தா தெரியல? படகை எடுக்கிறோம். தெக்கே, துறைமுகம் பக்கம் கொண்டு போறோம்."

"அங்க வெயில்ல பயணிங்க யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாங்களே."

"பார்த்தா பார்க்கட்டும், பார்க்காட்டி போகட்டும்."

"யாரு உங்களை எடுக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. உன் யாபா வந்து எங்ககிட்ட அதைச் சொல்ற நிலைமை வரக்கூடாதுன்னுதான் நாங்களே எடுக்கிறோம்." அவர் துணியைப் பிழிந்தார். "அவர் எழுந்து வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்னு பார்த்தோம். நீ முன்னாடியே வந்துட்டே."

லமீஸ் அவர் பக்கமாக இன்னும் ஓரடி வைத்தாள். "மரம் நிக்கிற வரைக்கும் உங்க படகும் இங்கே நிக்கும்னு யாபா உங்களுக்கு வாக்கு கொடுத்தாரு. வந்து சண்டை போடுங்களேன். வீட்டு வாசல்ல நின்னு கத்துங்களேன்."

"எதுக்கும்மா கத்தணும்? பையன் கை தவறிடுச்சு. கை தவறினதுக்கு அப்பனை என்ன கேக்கிறது? இப்ப அவர் வாக்கு ஷேக் கையில இருக்கு. நாங்க நகராம நின்னா ஊர் முன்னால அவர் பொய்யராயிடுவாரு. அந்த மனுஷனை அப்படிப் பார்க்க எங்களால முடியாது."

பேசிக்கொண்டே பனிக்கட்டிப் பெட்டியைத் திறந்து ஒரு பெரிய மீனை எடுத்துப் பையில் போட்டார். "அம்மாகிட்ட கொடு. ராத்திரி அந்த வீட்டுல அடுப்பு எரிஞ்சிருக்காது."

அந்தப் பையை வாங்கியபோது லமீஸுக்குக் கை சுட்டது போல இருந்தது. அவர்கள் காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு வந்திருப்பாள். இந்த மீனை என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். மருந்துக்கடை நினைவே வரவில்லை.

*

உம்மு ஹைஸம் மீனைப் பார்த்துவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக் கதவை மூடினாள். "இதை எந்த வாயால திங்கிறது" என்றாள்.

லமீஸ் படுக்கையின் அருகே நின்றாள். "யாபா, அவங்க படகை எடுக்கிறாங்க. நீங்க வந்து சொல்ல வேண்டியதா ஆகிடக்கூடாதுன்னு அவங்களே எடுக்கிறாங்க. உங்க படகைத் துடைச்சு வச்சிருக்காரு ஈத் பெரியப்பா."

ஸலாமா போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"பையன் கை தவறினதுக்கு அப்பனை என்ன கேக்கிறதுன்னு சொன்னாரு." லமீஸ் குரலைத் தாழ்த்தினாள். "நான் சன்னல்கிட்ட இருந்தேன் யாபா. உங்களைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

பிறகு ஸலாமா போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வெள்ளை அங்கி துவைச்சது இருக்கா?" என்று மனைவியிடம் கேட்டார்.

*

சரிவில் அவர் வந்து நின்றதும் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஸலாமா ஈத்திடம் போனார்.

"என்கூட வா. எல்லாரும் வாங்க. ஷேக் வீட்டுக்குப் போகணும்."

"எதுக்கு?"

"அவர் ஜாஹாவா வந்தாரு. நானும் ஜாஹாவா போறேன். கொடுத்ததைத் திருப்பிக் கேக்கப் போறேன்."

ஈத் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஊர் சிரிக்கும் அபூ ஹைஸம்."

"இப்ப மட்டும் அழுதுக்கிட்டா இருக்கு?"

ஒருத்தர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது. கடல் தண்ணீரிலேயே கையை அலம்பிக்கொண்டு, வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றி, தலைத்துணி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஸலாமாவின் மூட்டு மடங்கவில்லை என்பதால் லமீஸ் பிக்கப்பை ஓட்டினாள், மற்றவர்கள் வாடகை லாரியில் பின்னால் வந்தார்கள். ஓட்டல் முனையில் ஹைஸம் ஓடிவந்து கையைக் காட்டி நிறுத்தினான். சீருடையோடு வந்திருந்தான். அம்மா போனில் சொல்லியிருப்பாள்.

"யாபா, நானும் வர்றேன். நான் சொல்றேன் ஷேக்கிட்ட. முட்டாள், ஓட்டல் பழக்கத்துல தெரியாம பண்ணிட்டேன்னு சொல்றேன். அப்படிச் சொன்னா அவர் விட்டுக்கொடுத்துடுவாரு."

ஸலாமா நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல இனிமே என்னை அப்படித்தான் கூப்பிடப் போறாங்க. கூப்பிட்டுட்டுப் போகட்டும். நிலம் கிடைச்சா போதும்." பேசிக்கொண்டே சட்டையிலிருந்த பெயர் வில்லையைக் கழற்றப் பார்த்தான். ஊசி கழலவில்லை. விட்டுவிட்டான்.

*

ஷேக் நிம்ரின் வரவேற்பு மண்டபத்துக்குக் கதவைச் சாத்துகிற பழக்கம் இல்லை. லமீஸ் வாசலுக்கு நேரே வண்டியை நிறுத்திவிட்டு அதிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் வரிசையாகச் சுவரோரம் உட்கார்வது தெரிந்தது. பேச்சும் கேட்டது.

ஷேக்கின் மருமகன் தல்லாவோடு வந்தான். முதல் கோப்பை ஸலாமாவுக்கு. அவர் வாங்கி, கம்பளத்தின்மேல் வைத்தார். ஈத்தும் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்த ஹைஸமுக்குக் கோப்பை வந்தபோது, யாரோ அடக்க முடியாமல் தொண்டையைச் செருமினார்கள். அவன் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தான்.

"காபியைக் குடி அபூ ஹைஸம்" என்றார் ஷேக்.

"எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கு ஷேக்."

"நீ எதுக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும். ராத்திரி எனக்கும் தூக்கம் இல்லை." ஷேக்கின் குரல் தழைந்திருந்தது. "பொறியில சிக்க வச்சு எடுத்தாருன்னு என்னைப் பத்தி யாரும் பேசக்கூடாது. இந்த வயசுல எனக்கு அந்தப் பேர் வேண்டாம். ஒரே ஒரு வார்த்தை சொல்லு. பையன் தெரியாம ஊத்திட்டான், உன் சம்மதம் இல்லைன்னு சொல்லு. உன் நிலம் உன்கிட்டயே இருக்கும். கம்பெனிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

வரிசையில் இருந்தவர்கள் மூச்சு விட்டார்கள். ஈத் ஸலாமாவின் தோளைத் தட்டினார். ஹைஸம் எழுந்தே விட்டான்.

"ஆமா ஷேக், நான்தான்..."

"உக்காருடா" என்றார் ஸலாமா.

அவன் உட்கார்ந்தான். வண்டிக்குள் லமீஸ் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். சொல்லிடுங்க யாபா, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிடுங்க என்று அவள் வாய் முணுமுணுத்தது. சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அதன்பிறகு அப்பாவை அவளால் நேராகப் பார்க்க முடியாது.

"அவன் கை தவறல ஷேக்" என்றார் ஸலாமா. "அவன் ஊத்தினது பழக்கத்துல. விட்டது நான். குனிஞ்சு உங்க கோப்பையை எடுத்தப்பவே பார்த்துட்டேன். இருடான்னு சொல்லியிருந்தா நின்னிருப்பான். நீங்க என்னைப் பார்த்தீங்க, எனக்காகக் காத்திருந்தீங்க. நான் கம்பளத்துல இருந்த பூவைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"ஏன்?"

"களைச்சுப் போயிட்டேன். வருஷா வருஷம் கம்பெனி வேலி உள்ளே வருது. முடியாதுன்னு சொல்லத் தெம்பு இல்லை. சரின்னு சொல்லத் துணிச்சலும் இல்லை. இவன் கையால போயிட்டா என்னை யாரும் கேக்க மாட்டாங்கன்னு தோணுச்சு. நீங்க குடிச்சப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு ஷேக். அல்லாஹ் அறிய, நிம்மதியா இருந்துச்சு." அவர் குரல் உடைந்தது. "ராத்திரி எல்லாரும் இவனைத் திட்டினப்ப நானும் சேர்ந்து திட்டினேன். எல்லாரையும்விடச் சத்தமா திட்டினேன்."

ஈத் ஸலாமாவிடமிருந்து கொஞ்சம் விலகி உட்கார்ந்தார்.

"அப்போ நீ கொடுத்ததுதான்" என்றார் ஷேக் கடைசியில்.

"கொடுத்ததுதான். எனக்கு மட்டும் சொந்தமில்லாததைக் கொடுத்தேன். திருப்பிக் கேக்க எனக்கு முகம் இல்லை. இருந்தும் கேக்கிறேன்."

ஷேக் தாடியைத் தடவிக்கொண்டு கீழே இருந்த கோப்பைகளைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஈத் கையை நீட்டினார். தன் கோப்பையை எடுத்தார். ஒரே மடக்கில் குடித்தார். போதும் என்பதற்கு அடையாளமாக அதை இரண்டு முறை குலுக்கி மருமகனிடம் நீட்டினார்.

"எனக்கு ஷேக்கிட்ட கேக்க ஒண்ணும் இல்லை" என்றார். எழுந்து ஸலாமாவின் முன்னால் வந்து நின்றார். "காலையில உன்மேல பரிதாபப்பட்டு மீன் கொடுத்து விட்டேன் அபூ ஹைஸம். கெட்டுப்போறதுக்குள்ள சாப்பிடுங்க."

அவர் வெளியே வந்து பிக்கப்பைத் தாண்டிப் போனார். லமீஸைப் பார்க்கவில்லை. உள்ளே ஒவ்வொருவராகக் கோப்பையை எடுத்தார்கள், குடித்தார்கள், குலுக்கினார்கள், எழுந்தார்கள். வரிசை காலியானது. செருப்புகளைத் தேடும் சத்தம் கேட்டது. தெருவில் லாரி கிளம்பியது.

ஸலாமாவின் கோப்பை மட்டும் கம்பளத்தின்மேல் இருந்தது.

மண்டபத்தின் கோடியில் ஹைஸம் இன்னும் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஷேக்கும் மருமகனும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ராத்திரி முழுக்க அவன் வாங்கிக்கட்டிக்கொண்டது யாருக்காக என்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்திருந்தது. குடித்துவிட்டுக் குலுக்கி எழுந்து போய்விட்டால், அவனை ஊரில் ஒருத்தரும் குறை சொல்லமாட்டார்கள்.

அவன் எழுந்தான். நடந்து வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். ஓட்டலில் வைப்பதுபோலவே, சத்தம் வராமல், ஒரு சொட்டுச் சிந்தாமல், தன் கோப்பையை அப்பாவின் கோப்பைக்குப் பக்கத்தில் கீழே வைத்தான்.

ஸலாமாவால் மகனைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. ஷேக் நிம்ர் அந்த இரண்டு கோப்பைகளையும் பார்த்தபடியே இருந்தார். இரண்டும் மெல்ல ஆறிக்கொண்டிருந்தன.